பெரியபாருக்கு அலை வருகிறது

இன்னும் வரவில்லை. மணி ஆறே கால். கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல மினுங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது. நாலு நாளாக டிவியில் அலறுகிறார்களே, அந்தப் புயல் இந்தக் கடலில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. ஏலக்கூடத்து மொட்டை மாடியில் நிற்கிறேன். இடது கையில் சிவப்புத் துண்டு. வலது கை கழுத்தில் கட்டித் தொங்குகிறது. கீழே மணலில் எங்கள் நொச்சிமேட்டுக் குப்பத்துப் பசங்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு சர்ஃபிங் பலகையோடு உட்கார்ந்து கடலையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஏகா மட்டும் எதையும் பார்க்கவில்லை. பலகையை மணலில் கிடத்தி மெழுகு தேய்க்கிறான், வட்டம் வட்டமாக. கால் வழுக்காமல் இருக்கத்தான் மெழுகு, அதற்கு இவ்வளவு நேரமா? பெண் பார்க்கப் போகிறவன் தலை வாருவதுபோல அல்லவா தேய்க்கிறான்! அவன் முதுகில் ஒரு பொட்டுச் சதை அதிகமில்லை. இருபத்தொன்பது வயது. எனக்கு முப்பத்திரண்டு. மூன்று வயது ஒரு வித்தியாசமா? தோள் நன்றாக இருந்தால் இல்லை. ஏகாம்பரம் என்று பெயர் வைத்தது அவன் அப்பா, ஏகா என்று சுருக்கியது நான். என் மச்சான், என் பெண்டாட்டி பவுனுவின் தம்பி. மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். நான் அவன் தயவில் மொட்டை மாடி ஏறி நிற்கிறேன்.

வராவிட்டால் நல்லது. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, நினைத்தால் முகத்தில் தெரிந்துவிடும். கண்ணை வெளியே போடு தேசிங்கு, வெளியே பார். கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி தண்ணீருக்கடியில் கிடக்கிறது பெரியபார். பார் என்றால் பாறை. மற்ற நாளில் அதன் தலைமேல் போட்டுகள் போய் வரும், அப்படி ஒன்று அடியில் இருப்பதே தெரியாது. எங்கோ நானூறு மைல் தூரத்தில் ஒரு புயல் சுழன்றால்தான் அது கிளப்பிவிடுகிற நீள அலை இங்கே வந்து பெரியபாரில் முட்டி எழுந்து உடையும், இரண்டு ஆள் உயரத்துக்கு. கடைசியாக உடைந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு எனக்குக் கல்யாணம். தாலி கட்டியாகிவிட்டது, மச்சான் மோதிரம் போட மச்சானைக் காணோம். ஐயர் கத்துகிறார், மாமியார் முழிக்கிறாள், ஐந்து நிமிஷம் கழித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறான், தலை ஈரம், வேட்டி ஓரமெல்லாம் மணல். என் விரலைப் பிடித்தான். அவன் விரல் ஐஸ்போல இருந்தது, நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி இருந்தது. மோதிரத்தைப் போட்டுக்கொண்டே காதோரம் குனிந்து, "மாமா, பெரியபார் உடைஞ்சிது. ரெண்டு அலை புடிச்சேன்" என்றான். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பவுனு என்னைப் பார்க்கிறாள், நான் மண்டப ஜன்னலைப் பார்க்கிறேன். "எங்க பாக்கற நீ, பக்கத்துல பொண்டாட்டி நிக்கறப்ப?" என்று எட்டு வருஷமாகக் கேட்கிறாள். எட்டு வருஷமாக அந்த இரண்டு அலைக் கதையையும் கேட்கிறேன். யாரும் பார்க்கவில்லை, அவன் வாய்தான் சாட்சி. முதலில் ஆள் உயரம் என்றான், பிறகு இரண்டு ஆள் உயரம், போன பொங்கலுக்கு வீட்டு உயரம். அலை கரையேறின பிறகும் வளர்கிறது பார்! ஆனாலும் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் எரிச்சல். பொய்யனாக இருந்தால் தூங்கியிருப்பேன்.

போனில் புயலை ஊதா நிறத்தில் காட்டுகிறார்கள், கன்னத்தில் அடிபட்ட கன்றல்போல, வடக்கே நகர்ந்து ஆந்திராப் பக்கம் போகிறது. அந்தக் கரையில் ஜனங்களைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், ஒரு கிழவி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நேற்று டிவியில் பார்த்தேன். இந்தப் பசங்களோ போனைத் தடவித் தடவி, "இன்னும் கொஞ்சம் வலுத்தா நல்லாருக்கும்டா" என்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். நான்தான் திட்டினேன். "டேய், அங்க ஜனம் வூட்ட வுட்டு ஓடுது, உங்களுக்கு அலை கேக்குதா?" என்று. எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். அதோடு விட்டேனா, நேராகக் கங்கையம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, புயல் வலுவிழக்க வேண்டும் தாயே என்று வாய்விட்டுக் கேட்டேன். பவுனு பக்கத்தில் நின்றாள். அன்று ராத்திரி வஞ்சிரத்தில் நடுத்துண்டு எனக்குத்தான் விழுந்தது, கூடவே ஒரு பார்வையும், கல்யாணமான புதிதில் பார்த்தது. அம்மனுக்கு மட்டும் தெரியும். புயல் வலுவிழந்தால் பெரியபார் உடையாது, பெரியபார் உடையாவிட்டால் ஏகாவுக்கு மூன்றாவது அலை கிடையாது. ஆந்திராக்காரர்கள் எனக்கு என்ன உறவா? அந்தக் கிழவிக்கு நல்லது நடக்கட்டும், நடந்தால் சந்தோஷம்தான், ஆனால் நான் கேட்டது அவளுக்காக இல்லை. கற்பூரம் எரிந்த வேகத்தில் என் வயிறும் எரிந்தது.

கடலில் விழுந்து தோள் கழன்றது என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. எனக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிக் கழன்றது. அதுவும் யார் வீட்டுச் சிலிண்டர்? ஏகா புது வீடு போனானே, அந்த மாடிக்கு. "வுடு மாமா, நான் தூக்கறேன்" என்று அவன் சொன்னான். சொன்னதால்தான் தூக்கினேன். ஒன்பதாவது படியில் தோளுக்குள் ஏதோ 'க்ளுக்' என்றது. கை என்னுடையது இல்லாமல் போய்விட்டது. மூன்று மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர். அதற்கு முந்தின வாரம்தான் படம் எடுக்கிற பெங்களூர்க்காரர் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து இறால் தொக்கு சாப்பிட்டுவிட்டு, அடுத்த புயலுக்குப் பெரியபாரில் உங்களை வைத்துத்தான் படம் எடுக்கிறேன் என்று கையடித்துப் போனார். டாகுமெண்டரி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்குக் கையே எட்டவில்லை. அதோ நிற்கிறார், மாடியின் அந்த மூலையில், முக்காலியில் காமிரா, குழாய்போல நீண்ட லென்ஸ். அது இப்போது ஏகா மெழுகு தேய்ப்பதை எடுக்கிறது. மெழுகு தேய்ப்பதில் என்ன இருக்கிறது எடுக்க? நானும்தான் தேய்ப்பேன். ஒரு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ஒரே பலகையில் இரண்டு பேரும் ஆளுக்குப் பத்து அலை என்று எண்ணி எண்ணிக் கற்றுக்கொண்டோம், என் பத்தில் எப்போதும் இரண்டு தப்பும், அவன் பத்தில் பத்தும் நிற்கும். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அப்போதே தெரியும். காலையிலிருந்து அவன் முதுகையே பார்க்கிறேன், கடலைப் பார்க்க வந்தவன்.

"இன்னாயா, பாறை மாதிரி நிக்கற. டீ ஆறிப் போவுது." பவுனுதான். மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறாள், தூக்கு நிறைய டீ. மீன் ஏலம் இல்லாத நாள், புயல் கூண்டு ஏற்றினதிலிருந்து போட்டெல்லாம் ரோட்டோரம் ஏறிக் கிடக்கிறது, அவள் கூடையும் காலி. பெங்களூர்க்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "வருமா?" என்றாள். "வரும்" என்றேன். "உனுக்கு வருத்தமாக்கீதா?" என்றாள் கடலைப் பார்த்தபடி. "எனக்கென்ன வருத்தம்? நம்ம பையன்தான போறான்." நன்றாகச் சொன்னேன், குரல்கூட உடையவில்லை. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, "அவன் உன் கைய நம்பித்தான் போறான். நேத்து எங்கம்மா வேணாம்னு அழுதுது. மாமா துண்டு காட்டறப்ப எனுக்கு இன்னாம்மா பயம்னு கேக்கறான்" என்றாள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவன் பயப்படாததற்கும் நான்தான் காரணமா? எல்லாவற்றையும் என்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறான். துண்டு காட்டுவது குப்பத்தில் கட்டுமர காலத்திலிருந்தே இருக்கிற பழக்கம். தண்ணீரில் கிடக்கிறவன் கண்ணுக்கு முன்னால் வரும் அலை மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் வருகிறது மறைந்துவிடும். மேட்டில் நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும். துண்டைத் தூக்கிப் பிடித்தால், இது வேண்டாம், விடு. இறக்கினால், இதில் ஏறு. இதில் பொய் காட்டினவன் என்று குப்பத்தில் இதுவரை ஒருவனும் இல்லை.

வந்துவிட்டது. முதலில் கோடு. அடிவானத்துக்குக் கீழே பென்சிலால் இழுத்தது போல ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. மணலில் ஒருவன் விசிலடிக்கிறான். ஏகா எழுந்து பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்த மாடியைப் பார்த்துக் கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன், பல்லைக் காட்டினேனா என்று ஞாபகமில்லை. மற்றவர்கள் கரையோர அலையோடு நின்றுகொண்டார்கள், பெரியபாருக்கு அவன் ஒருத்தன்தான் துடுப்படித்துப் போகிறான், கையே துடுப்பு, போகப் போகச் சின்னதாகி ஒரு காக்கை அளவுக்கு ஆனான். மணி எட்டு இருக்கும். பெரியபாருக்கு அப்பால் போய்ப் பலகைமேல் உட்கார்ந்து முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். முதல் அலைக்குத் தூக்கினேன், விட்டான். இரண்டாவதற்குத் தூக்கினேன், விட்டான். மூன்றாவது நல்லது. துண்டை இறக்கினேன், நியாயமாகத்தான் இறக்கினேன், அம்மன் சாட்சி. அவன் திரும்பி நாலு வீச்சு வீசி எழுந்து நின்றான். நின்றான் என்று சொன்னால் போதாது. அந்த அலை அவனுக்காகவே நானூறு மைல் நடந்து வந்ததுபோல அவன் கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறி, மறுபடி இறங்கி, கரையில் ஜனம் கத்துகிறது, பெங்களூர்க்காரர் அவர் பாஷையில் ஏதோ கத்துகிறார், பவுனு என் இடது கையைக் கிள்ளிவிட்டாள், "பாத்தியா, பாத்தியா!" என்கிறாள். பார்த்தேன். எனக்குத் தொண்டையில் கசந்தது. அந்த அலையை நான் கண்டுபிடித்தேன், நான் இறக்கினேன், என் கண், என் துண்டு, அவன் படம். இனி இந்தக் குப்பத்தில் பெரியபார் என்றால் ஏகா. நான் அவனுக்குத் துண்டு காட்டினவன், பெயர்கூட வேண்டாம், மாமா என்று போட்டால் போதும். அவன் திரும்பத் துடுப்படித்துப் போய் அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் என்னைப் பார்க்கிறான். இன்னும் வேண்டுமாம்.

அப்போதுதான் அது வந்தது. மற்றதெல்லாம் அதற்குக் கட்டியம் கூற வந்தவை என்று பார்த்தவுடனே தெரிந்தது. வடக்கே ஒரு முனை உயர்ந்து தெற்கே சீராகச் சரிந்து, அளந்து வெட்டினது போல, பெரிது, ஆனால் அழகு, இப்படி ஒன்றுக்காக ஆயுசு முழுக்கக் காத்திருக்கலாம், நான் காத்திருந்தேன். இதில் ஏறினவனைப் பற்றி அவன் செத்த பிறகும் பேசுவார்கள். ஏகா என்னைப் பார்க்கிறான். அவனுக்கு அது தெரியாது, அவனுக்கு முன்னால் இரண்டு அலை மறைக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும். இறக்கு தேசிங்கு. இது அவனுடையது. எட்டு வருஷமாக அவன் வைத்திருக்கிற இரண்டு அலை போதாதா? இப்போது ஒன்று போதாதா? எனக்குத் தோள் ஆறும், இன்னொரு புயல் வரும், எனக்கென்று ஒன்று மிச்சம் வேண்டாமா? யோசித்தேனா, யோசிக்கவில்லையா, தெரியவில்லை. தூக்கிப் பிடித்தேன். இடது கையை முடிந்தவரை உயரத் தூக்கி, ஒரு நொடிகூட ஆடாமல். அவன் பார்த்தான். உடனே பலகைமேல் படுத்து அப்பால் போய், அந்த அலை தன்னடியில் போக விட்டுவிட்டான். பெங்களூர்க்காரர், "அய்யோ, ஏன்?" என்றார். எனக்கு இனித்தது. சொன்னால் என்ன, இனித்தது. பிறகு அலை பெரியபாரை அடைந்தது. அது ஓரத்திலிருந்து உடைந்துகொண்டு வரவில்லை. தன் முன்னாலிருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு நின்றது, அடியில் பெரியபாரின் கறுத்த முதுகு, சிப்பியும் பாசியுமாய், என் ஆயுசில் பார்த்திராத முதுகு, வெளியே தெரிந்தது. அப்புறம் மொத்தமும் ஒரே வீச்சில் அதன்மேல் விழுந்தது. சத்தம் மாடிவரை வந்து காலில் அதிர்ந்தது. வற்றம். காலையிலிருந்து கடல் வற்றிக்கொண்டிருக்கிறது, பெரியபார்மேல் தண்ணீர் இல்லை, குப்பத்தில் நண்டு பிடிக்கிறவனும் பார்க்கிற விஷயம், நான் பார்க்கவில்லை. ஏகாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமாக இருந்திருந்தால் துண்டை இறக்கியிருப்பேன். இறக்கியிருந்தால் இப்போது அந்தக் கல்லில் ஏகா இருப்பான்.

கரைக்கு வந்துவிட்டான். மணலில் பலகையைப் போட்டுவிட்டுப் படி ஏறி ஓடி வந்து ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டான், கெட்ட தோளிலேயே, வலி உயிர் போயிற்று. "மாமா, நீ இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல மாமா" என்று அழுகிறான், இருபத்தொன்பது வயது ஆம்பளை. பசங்களெல்லாம் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார்கள். பெங்களூர்க்காரர் முக்காலியோடு காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் வைத்தார், அந்தக் குழாய் லென்ஸைக் கழற்றிச் சின்னது மாட்டினார், அது என் முகத்தைப் பார்த்தது. இத்தனை நாளாக எதற்கு ஏங்கினேனோ, அது. "அண்ணா, நாங்க எல்லாரும் அதுதான் பெஸ்ட் அலைன்னு நினைச்சோம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்றார். பழக்கம்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். பாட்டன் பூட்டன் கொடுத்த கண் என்று இன்னும் நன்றாகவே சொல்லியிருக்கலாம், படத்துக்கு எடுப்பாக இருந்திருக்கும். "நானும் அதான் நல்ல அலைன்னு நெனச்சேன் சார்" என்றேன். "அப்புறம் ஏன் தூக்கினீங்க?" "வயித்தெரிச்சல். இவனுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு தூக்கினேன்." மாடியே அதிரச் சிரித்தார்கள், பெங்களூர்க்காரர் காமிரா ஆடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஏகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். "மாமா எப்பவுமே இப்டித்தான் சார், நல்லது செஞ்சிட்டு ஒத்துக்க மாட்டாரு" என்றான்.

பவுனு சிரிக்கவில்லை. டீத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏலத்தில் மீனை வாங்குமுன் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை, அதில் அவள் ஏமாந்து நான் பார்த்ததில்லை. கிட்டே வந்து என் இடது கையிலிருந்து துண்டை எடுத்தாள். நான் விடவில்லை என்று நினைக்கிறேன், அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "டேய் ஏகா, தண்ணி ஏறட்டும், பத்து மணிக்கு மேல போ. உங்க மாமாவுக்குத் தோள் வலி. நான் காட்டறேன்" என்றாள். "உனுக்குத் தெரியுமாக்கா?" என்றான் அவன். "கட்டுமரத்துல போனப்ப நம்ம அப்பாவுக்கு யார்றா காட்டுனது?" என்றாள். எனக்கு அது தெரியாது. எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது, கேட்டதில்லை. எல்லாரும் இறங்கிப் போனார்கள். நானும் படிப்பக்கம் திரும்பினேன். "எங்க போற?" என்றாள், திரும்பாமலே. "நின்னு பாரு. அவன் ஏறி வர்றத நீ பாக்கணும்." நின்றேன். பத்தரைக்கு ஏகா மறுபடி போய்ப் பெரியபாருக்கு அப்பால் உட்கார்ந்து மாடியைப் பார்த்தான், சிவப்புத் துண்டைத்தான் பார்த்தான், யார் கையில் இருக்கிறது என்று அவ்வளவு தூரத்தில் தெரிந்திருக்காது. அவள் இரண்டு அலையை விட்டாள். மூன்றாவதையும் நாலாவதையும் விட்டாள். என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐந்தாவது வந்தபோது துண்டை இறக்கினாள். சரியான அலை. நானாக இருந்தாலும் அதற்குத்தான் இறக்கியிருப்பேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஏகா எழுந்து நின்றுவிட்டான். பார்த்தேன்.